வார இறுதிக்கு வரும் நண்பருக்குத் திருகோணமலையில் படம் எடுக்க இடம் தேடுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

வெளியூரிலிருந்து நண்பர் ஒருவர் கமராவோடு வருகிறார். சனி, ஞாயிறு இரண்டே நாள். "நல்ல இடமாகப் பார்த்துக் கூட்டிக்கொண்டு போ" என்கிறார். திருமலையில் இருப்பவர்கள் உடனே பட்டியல் போடத் தொடங்குவோம்: கோணேசர் கோயில், நிலாவெளி, புறாமலை, கன்னியா, கிண்ணியாப் பாலம், மூதூர். நானும் முதல் இரண்டு மூன்று தடவை அப்படித்தான் செய்தேன்.

அந்த இடங்கள் எல்லாம் நல்லவைதான். ஆனால் இடத்தை முதலில் முடிவு செய்துவிட்டால், போய்ச் சேரும் நேரம் வாகனத்தையும் சாப்பாட்டையும் பொறுத்ததாகிவிடும். நண்பர் எல்லாவற்றையும் பார்த்துவிடுவார், கமராவில் மட்டும் உச்சி வெயில் படங்கள்தான் மிஞ்சும். அதனால் நேரத்தை முதலில் எடுத்து, அந்த நேரத்துக்கு எந்த இடம் பொருந்தும் என்று தேடுங்கள். கீழே உள்ள படிகளும் அந்த வரிசையில்தான் இருக்கின்றன. இதற்கு நண்பர் வருவதற்கு ஒரு கிழமை முன்பாவது ஒரு விடியற்காலையும் ஒரு மாலையும் உங்களுக்கு ஓய்வாகக் கிடைக்க வேண்டும். அது கிடைக்காது என்றால் இடங்களின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

1. நண்பரிடம் முதலில் கேளுங்கள்

என்ன படம் எடுக்க ஆசை என்று கேட்டால் "எல்லாம்தான்" என்பார். அந்தப் பதிலோடு நிறுத்திவிடாதீர்கள். அவர் கடைசியாக எடுத்தவற்றில் அவருக்கே பிடித்த பத்துப் படங்களை வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். வாயால் சொல்வதைவிட அந்தப் பத்தும் தெளிவாகச் சொல்லும். ஒருமுறை வெளிநாட்டிலிருந்து வந்த நண்பன் ஒருவனைக் கோயில், கோட்டை, கடற்கரை என்று ஒன்றரை நாள் அலைக்கழித்தேன். கடைசிக் காலையில் கடற்கரையில் வலை இழுப்பவர்களைக் கண்டதும் அவன் முகமே மாறிவிட்டது. அவன் எப்போதும் எடுப்பது வேலை செய்யும் மனிதர்களின் கைகளையும் முகங்களையும். இரண்டு நாளும் அங்கேயே நின்றிருக்கலாம். நான் கேட்டிருக்க வேண்டும்.

அடுத்தது, என்ன லென்ஸ் கொண்டு வருகிறார் என்பது. பறவை எடுக்க நீண்ட லென்ஸ் வேண்டும். கைத்தொலைபேசி மட்டும் என்றால் கிட்டப் போகக்கூடிய இடங்களையே தேர்ந்தெடுக்க வேண்டும். விடிய 5 மணிக்கு எழும்புவாரா, வெறுங்காலோடு ஏறி நடக்க முடியுமா, குழந்தைகள் கூட வருகிறார்களா என்பவற்றையும் கேட்டு வையுங்கள். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் என்றால் சில இடங்களில் நுழைவுக் கட்டணம் நமக்குள்ளதைப் போலப் பல மடங்கு. அதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் வாசலில் சங்கடம் இருக்காது.

2. மாதத்தைப் பார்த்துப் பட்டியலில் பாதியை வெட்டுங்கள்

ஏறக்குறைய மே முதல் செப்டம்பர் வரை நம் பக்கத்துக் கடல் அமைதியாக இருக்கும். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வரண்டு வீசும், வானம் வெளித்திருக்கும். புறாமலைக்குப் படகு போவதும், கரைவலை வளைப்பதும் இந்தக் காலத்தில்தான் நன்றாக நடக்கும். ஒக்டோபரில் மழை தொடங்கி, நவம்பரிலும் டிசம்பரிலும் வாடைக் காற்றோடு கடல் கொந்தளிக்கும். ஒரு டிசம்பரில் புறாமலையை நடுவில் வைத்து முழுத் திட்டமும் போட்டுவிட்டு, நிலாவெளிக் கரையில் நின்று அலையைப் பார்த்துத் திரும்பிய அனுபவம் எனக்கு உண்டு. ஒரு நாள் முழுவதும் வீணானது.

மழைக்காலத்தில் வருபவரை வர வேண்டாம் என்று சொல்லவும் தேவையில்லை. டிசம்பர், ஜனவரியில் தம்பலகாமத்து வயல்கள் பச்சையாக நிற்கும். மேகம் மூடிய வெளிச்சத்தில் அந்தப் பச்சை நன்றாக எடுபடும், வெயிலில் வெளிறிப் போகும். ஆக, மழை மாதம் என்றால் கடலைக் குறைத்து வயல், குளம், கோயில், சந்தை என்று உள்பக்கம் திரும்புங்கள்.

பௌர்ணமி விடுமுறையான போயா தினத்தையும் நாட்காட்டியில் பாருங்கள். அது வெள்ளியிலோ திங்களிலோ விழுந்தால் நீண்ட விடுமுறை ஆகி, வெளி மாவட்ட பஸ்கள் கோணேசர் கோயிலுக்கு வரிசை கட்டும். அதே நாளில் இன்னொரு வசதியும் உண்டு: பொழுது படும் வேளையில் முழு நிலா கடலுக்கு மேலே எழும்பும். கூட்டத்தைச் சகித்துக்கொண்டாவது பட்டணத்துக் கிழக்குக் கரையில் உள்ள டச் பேயில் நின்று எடுக்க வேண்டிய படம் அது.

3. ஊரின் அமைப்பை வெளிச்சத்தோடு சேர்த்துப் பாருங்கள்

புதிதாக இடம் தேடுபவர்கள் அதிகம் தவறவிடும் படி இது. திருமலைப் பட்டணம் ஒரு கழுத்துப் போன்ற ஒடுங்கிய நிலத்தில் இருக்கிறது. கிழக்கே திறந்த கடல், மேற்கே உட்துறைமுகம். சூரியன் கடலில் எழும்புவதை ஒரு பக்கத்திலும், துறைமுகத்து நீருக்கு அப்பால் மலைகளில் இறங்குவதை மறுபக்கத்திலும் எடுக்கலாம். இரண்டுக்கும் நடுவே தூரம் மிகக் குறைவு. ஆனாலும் எத்தனையோ பேர் பொழுது படும் நேரத்தில் நண்பரை உப்புவெளிக்குக் கூட்டிப் போய், சூரியன் முதுகுக்குப் பின்னால் தென்னைகளுக்குள் மறைவதைப் பார்த்துவிட்டு வருகிறார்கள்.

எனவே நாளை மூன்றாகப் பிரியுங்கள். விடியலுக்குக் கிழக்குக் கரை, மாலைக்கு உட்துறைமுக வீதிப் பக்கம் அல்லது கிண்ணியா, நடுப்பகலுக்கு நிழலோ தண்ணீருக்கு அடியோ.

சூரியன் இங்கே வருடத்தைப் பொறுத்து காலை 5.45க்கும் 6.25க்கும் இடையில் உதிக்கும், மாலை 5.45க்கும் 6.30க்கும் இடையில் மறையும். நல்ல நிறம் உதயத்துக்கு 25 நிமிடம் முன்பே வந்துவிடும். சூரியன் எழும்பி முக்கால் மணி நேரத்தில் வெயில் சுள்ளென்று ஏறிவிடும். அதாவது ஒரு காலையில் கையில் இருப்பது ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். அந்த நேரத்துக்குள் இரண்டு இடத்துக்கு ஓடினால் இரண்டும் கெடும்.

உதிக்கும் திசையும் மாறும். ஜூனில் வடகிழக்குப் பக்கம் தள்ளி எழும்பும் சூரியன், டிசம்பரில் தென்கிழக்குப் பக்கம் வந்துவிடும். கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலைக்குப் பக்கத்தில் சூரியன் எழும்புவதை எடுக்க வேண்டுமென்றால், அதன் அடியில் உள்ள பிரெட்ரிக் கோட்டைக்கு வடக்கே பேக் பே கரையில் எங்கே நிற்பது என்பது மாதத்துக்கு மாதம் மாறும். கரையில் வடக்கே போகப் போக மலை தென்கிழக்குப் பக்கம் நகர்ந்து தெரியும். அதனால் மாரி காலத்தில் உப்புவெளிப் பக்கமாகவும், கோடையில் பட்டணத்துப் பக்கமாகவும் நின்று பாருங்கள். சூரியத் திசை காட்டும் செயலி போனில் இருந்தால் அந்தத் தேதியைப் போட்டுச் சரிபார்க்கலாம். செயலி இல்லாவிட்டாலும் ஒரு நாள் விடிய அங்கே நின்றாலே போதும், ஒரு கிழமைக்குள் பெரிதாக எதுவும் மாறாது.

4. ஒவ்வொரு வெளிச்சத்துக்கும் ஓர் இடம்

விடியல்: டச் பேயும் சுவாமி மலையும். டச் பே கரையில் நின்றால் மலையின் செங்குத்தான பாறை முகம் இடப்பக்கம் தெரியும். சூரியன் எழும்பியதும் முதல் வெளிச்சம் அந்தப் பாறையில் விழும். கடலை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்பவர் இதைக் காணாமல் விட்டுவிடுவார், தோளைத் தட்டித் திருப்பி விடுங்கள். பிறகு அங்கிருந்து நடந்தே கோட்டை வாசலுக்குப் போகலாம். உள்ளே வழியெங்கும் புள்ளிமான்கள் நிற்கும். மனிதரைக் கண்டு பழகியவை என்பதால் நீண்ட லென்ஸ்கூடத் தேவையில்லை, முழங்காலில் இருந்து அவற்றின் கண் மட்டத்தில் எடுத்தால் போதும். எதையும் தின்னக் கொடுத்துக் கூப்பிட வேண்டாம், பொலித்தீன் பையோடு சேர்த்து விழுங்கிவிடும். மேலே கோயிலைத் தாண்டினால் இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவும், பிள்ளை வரம் கேட்டுச் சிறு தொட்டில்கள் கட்டிய மரமும் உண்டு. மரத்துக்குப் பின்னால் வெறும் கடல்தான். காற்றில் ஆடும் தொட்டிலும் கீழே நீலமும் ஒரே சட்டத்தில் வரும். திருமலையை ஒரே படத்தில் காட்டு என்று யாராவது கேட்டால் நான் அதைத்தான் காட்டுவேன்.

காலை: கரைவலை. பேக் பேயிலும் உப்புவெளி, நிலாவெளிப் பக்கமும் நடக்கும். வலையை வள்ளத்தில் கொண்டுபோய் வளைத்து, இரு முனையையும் கரையிலிருந்து இழுப்பார்கள். மீன் சேரும் வலைப் பையான மடி கரைக்கு வரும் கடைசிப் பத்து நிமிடத்துக்குத்தான் எல்லோரும் கமராவைத் தூக்குவார்கள். அதற்கு முன்னால் கயிறு பிடித்து ஒரே தாளத்தில் பின்னுக்கு நடக்கும் நேரம்தான் படத்துக்கு நல்லது. அப்போது முகங்களும் கால்களும் மணலும் தெளிவாகக் கிடைக்கும். மடி வந்ததும் கூட்டம் அடைத்துவிடும்.

நடுப்பகல்: புறாமலை. உச்சி வெயில் உதவும் ஒரே இடம் இது. சூரியன் மேலே ஏறினால்தான் வெளிச்சம் தண்ணீருக்கு அடியில் பவளப்பாறை வரை இறங்கும். ஆனால் பிற்பகலில் காற்றெழும்பிக் கடல் கலங்கும் என்பதால் 9 மணிக்கும் 12 மணிக்கும் இடைப்பட்ட நேரத்தைப் பிடியுங்கள். இது 2003 முதல் தேசியப் பூங்கா. விடியலுக்கு அங்கே இருக்க முடியாது, அனுமதிச்சீட்டு கொடுக்கத் தொடங்கிய பிறகுதான் படகு போகும். தண்ணீருக்குள் போகும் கமராவோ நல்ல நீர்ப்புகா உறையோ இல்லாத நண்பரை இங்கே கூட்டிப்போய்ப் பணத்தைச் செலவழிக்க வைக்காதீர்கள். பவளத்தின் மேல் கால் வைக்கக் கூடாது என்பதைப் படகில் ஏறும் முன்பே சொல்லிவிடுங்கள்.

மாலை: உட்துறைமுகம் அல்லது கிண்ணியா. உட்துறைமுக வீதியில் தோணிகள் கட்டிக் கிடக்கும், அப்பால் மலைத்தொடர். சூரியன் மலைக்குப் பின்னால் போவதால் கணக்கிட்ட நேரத்துக்குச் சற்று முன்பே மறைந்துவிடும், முக்கால் மணி நேரம் முன்னதாகவே போய் நில்லுங்கள். மறைந்த பிறகும் உடனே புறப்பட வேண்டாம். தண்ணீர் செம்பு நிறமாவது அதற்குப் பிறகுதான். 2009இல் திறந்த கிண்ணியாப் பாலம் 396 மீற்றர் நீளம். மேற்கே தம்பலகாமக் குடாவும் கிழக்கே கொட்டியாரக் குடாவும் இருப்பதால் மாலை வெளிச்சம் நேராக நீரில் விழும். பாலத்துக்கு மேலே நின்று எடுப்பதைவிடக் கீழே இறங்கிக் கரையிலிருந்து எடுத்தால் பாலமும் தோணியும் மனிதரும் சேர்ந்து வரும். போய்வர நேரம் எடுக்கும் இடம், எனவே அன்று வேறெதையும் மாலைக்கு வைக்காதீர்கள்.

கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழும் பார்க்க வேண்டியவைதான். ஆனால் சிறிய இடம், ஆட்கள் குளித்துக்கொண்டிருப்பார்கள். குளிப்பவர்களை எடுக்கக் கூடாது, மிஞ்சுவது கிணற்று விளிம்பும் நீரும். நல்ல வெளிச்சத்தை இதற்குச் செலவிட வேண்டாம்.

5. அதே நேரத்தில் நீங்கள் ஒருமுறை போய் வாருங்கள்

"எனக்குத் தெரியாத இடமா?" என்று நினைப்பது உள்ளூர்க்காரர்களின் பெரிய பிழை. நமக்குத் தெரிந்தது பகல் நேரத்து டச் பே. விடிய 5.30க்கு அங்கே எந்த விளக்கு எரிகிறது, எங்கே குப்பை ஒதுங்கியிருக்கிறது, எந்தப் பக்கம் கட்டடம் மறைக்கிறது என்பதெல்லாம் அந்த நேரத்தில் போனால்தான் தெரியும். வேறு நேரத்தில் போய்ப் பார்ப்பதால் பயனில்லை.

போனில் நாலைந்து படம் எடுங்கள், நின்ற இடத்தை வரைபடத்தில் குறித்து வையுங்கள். இருட்டில் நண்பரோடு வரும்போது "இங்கேதான் எங்கேயோ" என்று தேடினால் நிறம் போய்விடும்.

கோட்டை வாசலில் காலையில் எத்தனை மணிக்கு உள்ளே விடுகிறார்கள் என்று நேரில் கேளுங்கள். உதயத்துக்குப் பிறகுதான் என்றால் முதல் வெளிச்சத்தைக் கீழே டச் பேயில் எடுத்துவிட்டு மேலே ஏறுவதே சரி. இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் நண்பரை இருட்டில் வாசலில் நிறுத்தி வைத்தவர்களைக் கண்டிருக்கிறேன்.

கரைவலைக்கு முந்தின நாள் பின்னேரமே கரையில் உள்ள மீனவர் கொட்டிலான வாடிக்குப் போங்கள். வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியிடமோ அங்கே இருக்கும் பெரியவரிடமோ, "ஐயா, நாளைக்கு எத்தனை மணிக்கு வலை வளைக்கிறீங்கள்? வெளியூர் நண்பர் ஒருவர் படம் எடுக்க வருகிறார், வரலாமா?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு வந்தால் அவர்களே நல்ல இடம் காட்டுவார்கள். கேட்காமல் லென்ஸை நீட்டினால் எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், படமும் அப்படியே வரும். எடுத்த படங்களில் இரண்டைப் பிரதி எடுத்துக் கொண்டுபோய்க் கொடுங்கள். அடுத்த நண்பர் வரும்போது உங்களை அவர்களுக்கு நினைவிருக்கும்.

6. கமராவை இறக்க வேண்டிய இடங்களை முதலே சொல்லுங்கள்

திருமலையில் கடற்படைத் தளம், சீனக்குடாவில் விமானப்படைத் தளம், பிரெட்ரிக் கோட்டைக்குள்ளேயே இராணுவம். காவலரண், வாயில், போர்க்கப்பல், சீருடையில் நிற்பவர் எதையும் எடுக்கக் கூடாது. உட்துறைமுகத்தில் கமராவை எந்தப் பக்கம் திருப்புகிறோம் என்பதில் கவனம் வேண்டும். ஒருமுறை என்னோடு வந்தவர் அழகான பழைய சுவர் என்று நினைத்து எடுத்த படத்தின் ஓரத்தில் காவலரண் விழுந்துவிட்டது. நின்று, விளக்கம் சொல்லி, அழித்துக் காட்டுவதற்குள் மாலை வெளிச்சம் போய்விட்டது. நான் முதலே சொல்லியிருந்தால் நடந்திருக்காது.

ட்ரோன் கொண்டு வரலாமா என்று கட்டாயம் கேட்பார்கள். சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி கையில் இல்லாமல் வேண்டாம் என்று நேரே சொல்லிவிடுங்கள். இரண்டு நாள் பயணத்துக்காக அதை வாங்கி முடிக்க நேரமும் போதாது.

கோயிலில் மூலஸ்தானத்தையும் உள்வீதியையும் எடுக்க வேண்டாம். வெளியே கோபுரம், சிவன் சிலை, கடல் எல்லாம் தாராளம். தோள், முழங்கால் மூடிய உடுப்பு வேண்டும். செருப்பைக் கழற்றிய பிறகு பகல் 11 மணிக் கல் காலைச் சுட்டுவிடும், கோயிலைக் காலைக்கு வைக்க இதுவும் ஒரு காரணம். விகாரைகளில் புத்தர் சிலைக்கு முதுகு காட்டி நின்று படம் எடுப்பது பெரிய அவமரியாதை. வெளிநாட்டிலிருந்து வருபவருக்கு இது தெரியாமல் இருக்கலாம்.

7. இரண்டு நாளை அடுக்குங்கள்

மிக முக்கியமான விடியலைச் சனிக்கிழமைக்கு வையுங்கள். நல்லதைக் கடைசிக்கு வைப்போம் என்று ஞாயிறுக்குத் தள்ளினால், அன்று மேகம் மூடினால் மாற்றுக்கு நாளே இல்லை. சனியன்று சரியாக வந்துவிட்டால் ஞாயிறு விடியலைக் கரைவலைக்குக் கொடுக்கலாம். கோணேசர் கோயிலில் கூட்டமும் ஞாயிறு முற்பகலில்தான் கூடும்.

இரவு பஸ்ஸில் வந்து சனி விடியக் காலை இறங்குபவரை நேரே கடற்கரைக்கு இழுத்துப் போகாதீர்கள். அரைத் தூக்கத்தில் எடுப்பது படத்தில் தெரியும். முடிந்தால் வெள்ளி மாலையே வந்துவிடச் சொல்லுங்கள். தங்குமிடம் பட்டணத்திலோ உப்புவெளியிலோ இருக்கட்டும். நிலாவெளியில் தங்கினால் விடியலுக்கு முன் அரை மணி நேரம் பயணத்தில் போகும், அதற்கு ஓட்டோ கிடைப்பதும் கஷ்டம். ஓட்டோக்காரரோடு காத்து நிற்கும் நேரத்துக்கும் சேர்த்து முதலே விலை பேசுங்கள். மீற்றர் ஓடுகிறதே என்ற எண்ணத்தோடு யாரும் நிதானமாகப் படம் எடுக்க மாட்டார்கள்.

நான் இப்போது போடும் அடுக்கு இப்படி: சனி விடியல் டச் பே, பிறகு கோட்டையும் கோயிலும், 8.30க்குக் கீழே இறங்கி இடியப்பமும் சொதியும். கடல் அமைதியென்றால் அப்படியே நிலாவெளி போய்ப் புறாமலை, இல்லையென்றால் ஓய்வு. பகல் 1 மணி முதல் 3.30 வரை எதுவும் இல்லை. அந்த நேரத்தில் காலையில் எடுத்ததைப் பார்த்து, எது குறைகிறது என்று இருவரும் பேசுங்கள். மாலை உட்துறைமுகம். ஞாயிறு விடியல் கரைவலை அல்லது தவறிப்போன டச் பே. மாலையில் நேரம் இருந்தால் கிண்ணியா.

மழை பிடித்துக்கொண்டால் மத்திய சந்தை, பத்திரகாளி அம்மன் கோயிலின் வண்ணக் கோபுரம், உப்புவெளியில் உள்ள போர்க் கல்லறைத் தோட்டம். கடைசியாகச் சொன்னது மேகமூட்டத்தில் அமைதியாக எடுபடும். அங்கே சத்தம் போடாமல், கல்லறைகளின் மேல் சாயாமல் இருக்க வேண்டும். இந்த மாற்றுப் பட்டியலை எழுதி வைத்திருங்கள், மழையில் நின்று யோசித்தால் எதுவும் ஞாபகம் வராது.

8. முந்தின இரவு

பேட்டரியும் மெமரி கார்டும் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். மறப்பது வேறு. குளிரூட்டிய அறையிலிருந்து கமராவை விடிய நேரே கடற்கரைக்குக் கொண்டுபோனால் லென்ஸ் முழுவதும் பனி படிந்துவிடும். துடைத்தாலும் மறுபடி படியும். சரியான நிறம் இருக்கும் இருபது நிமிடமும் அதிலேயே போய்விடும். பையை இரவே குளிரூட்டி இல்லாத இடத்தில், பூட்டிய முன்னறையிலோ குசினியிலோ வைக்கச் சொல்லுங்கள்.

கடற்காற்றில் உப்புத் துளி லென்ஸில் ஒட்டும். பழைய மெல்லிய பருத்தித் துணி இரண்டு, ஒரு போத்தல் நல்ல தண்ணீர், சிறு டோர்ச் லைட். மணலில் லென்ஸ் மாற்ற வேண்டாம், அறையிலேயே பொருத்திக்கொண்டு புறப்படட்டும். ஒரு பிளாஸ்க்கில் இஞ்சி போட்ட பிளேன்ரீயும் கொண்டுபோங்கள். 5.15க்குக் கடை திறந்திருக்காது.